உச்சி பாதி வழிதான்

(வளர்கல்வி மையத்தில் நிகழ்த்திய உரை)



மலை ஏறுவது கடினமா? மலை இறங்குவது கடினமா?

விறகு சுமந்து மலைப்பாதையில் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். ஏறும்போது கண் பாதையைப் பார்க்கும். இறங்கும்போது மனம் வீட்டைப் பார்க்கும். கால் வழுக்குவது அப்போதுதான்.

இன்றைய பேச்சு ஒரு மலையைப் பற்றியது. அதில் ஏறிய ஏழு பேரைப் பற்றியது. ஏழு பேரும் உச்சியைத் தொட்டார்கள். மூன்று பேர்தான் வீடு திரும்பினார்கள். ஏன்? அதைத் தெரிந்துகொண்டால், எந்த வேலைக்கும் முன்னேற்பாடு எப்படிச் செய்வது என்று தெரியும்.

மலையும் மனிதரும்

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா முதலிய நாடுகளில் அது பரவிக் கிடக்கிறது. அதன் உயர்ந்த சிகரங்களில் கோடையிலும் பனி இருக்கும்.

அந்தத் தொடரில் ஒரு சிகரம் மாட்டர்ஹார்ன். உயரம் 4,478 மீட்டர். கூராக்கிய பென்சில் முனையைப் போல வானத்தைக் குத்தி நிற்கும். ஒரு பக்கம் சுவிட்சர்லாந்து. மறு பக்கம் இத்தாலி. சுவிட்சர்லாந்துப் பக்கத்து அடிவாரத்தில் உள்ள ஊர் செர்மாட்.

1860-ஆம் ஆண்டு, லண்டன் நகரிலிருந்து எட்வர்ட் விம்பர் என்ற இளைஞர் ஆல்ப்ஸுக்கு வந்தார். அவருக்கு வயது 20. மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சுக்குக் கொடுப்பது அவர் தொழில். ஒரு பதிப்பாளர் மலைகளைப் படம் வரைந்து வரும்படி அவரை அனுப்பினார். மலை ஏறுவது அவருடைய பிழைப்பு அல்ல. படம் வரைய வந்தவருக்கு மலைமேல் ஆசை பிறந்துவிட்டது.

1861 முதல் அவர் மாட்டர்ஹார்னில் ஏறப் பல முறை முயன்றார். இத்தாலிப் பக்கமாகவே ஏறிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பாதியில் திரும்பினார். 1862-இல் துணை இல்லாமல் தனியாகப் போனார். கால் தவறி சுமார் 60 மீட்டர் உருண்டு விழுந்தார். பள்ளத்தின் விளிம்பில் எப்படியோ தங்கிவிட்டார். தலையில் காயம். தட்டுத் தடுமாறி ஊர் வந்து சேர்ந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் விட்டிருப்பார். விம்பர் யோசித்தார். மலையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

செர்மாட்டிலிருந்து நேராகப் பார்த்தால் அந்தப் பக்கம் சுவர்போலச் செங்குத்தாகத் தெரியும். அதனால் பெரும்பாலோர் அங்கே ஏற நினைக்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது அவ்வளவு செங்குத்து இல்லை. பாறை அடுக்குகளும் மலைக்கு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. படிக்கட்டுப் போலக் கால் வைக்க இடம் கொடுத்தன. இத்தாலிப் பக்கத்தில் அடுக்குகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதனால்தான் அங்கே கால் வழுக்கியது.

தூரத்திலிருந்து பார்த்துப் பயந்த வழிதான் நல்ல வழி. பக்கத்தில் போய், வேறு கோணத்தில் பார்த்ததால் அது தெரிந்தது. முன்னேற்பாடு என்பது இங்கேதான் தொடங்குகிறது. முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும்.

அவசரம் வந்தது

1865-ஆம் ஆண்டு ஜூலை மாதம். விம்பருக்கு வயது 25.

இத்தாலிப் பக்கத்தில் கரேல் என்ற வழிகாட்டி இருந்தார். அந்த மலையை நன்றாக அறிந்தவர். விம்பரோடு முன்பு சேர்ந்து ஏறியவர். அந்த முறை அவர் இத்தாலியர் ஒரு குழுவுக்காக மலை ஏறப் புறப்பட்டுவிட்டார். செய்தி கேட்ட விம்பர் பதறினார். இத்தனை ஆண்டு உழைப்பு. முதலில் உச்சியைத் தொடும் பெருமை கைநழுவிப் போகிறதே!

உடனே கணவாய் கடந்து செர்மாட்டுக்கு ஓடினார். டக்ளஸ் என்ற 18 வயது இளைஞரும் உடன் வந்தார். ஜூலை 12 மாலை செர்மாட்டில் இன்னொரு குழுவைச் சந்தித்தார்கள். அதில் ஹட்சன் என்ற பாதிரியார் இருந்தார். மலை ஏறுவதில் பேர் பெற்றவர். அவருடன் 19 வயது ஹாடோ என்ற இளைஞர் இருந்தார். மிஷேல் குரோ என்ற சிறந்த பிரெஞ்சு வழிகாட்டியும் இருந்தார். அவர்களும் மாட்டர்ஹார்னுக்குத்தான் போக இருந்தார்கள்.

இரண்டு குழுவும் ஒரே இரவில் ஒன்றாயின. செர்மாட் ஊர் வழிகாட்டியான பீட்டர் டவுக்வால்டரும் அவர் மகனும் சேர்ந்தார்கள். மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் ஒன்றாக ஏறிப் பழகியவர்கள் அல்ல.

ஹாடோ மலைக்குப் புதியவர். ஆல்ப்ஸில் அவருக்கு அதுதான் முதல் கோடை. "இவரால் முடியுமா?" என்று விம்பர் கேட்டார். ஹாடோ மான்ட் பிளாங்க் மலையில் வேகமாக ஏறியவர் என்று ஹட்சன் சொன்னார். விம்பர் ஒப்புக்கொண்டார்.

மான்ட் பிளாங்க் மாட்டர்ஹார்னைவிட உயரம். ஆனால் அங்கே பெரும்பாலும் பனிமேல் நடக்க வேண்டும். மாட்டர்ஹார்னில் பாறையைப் பிடித்து ஏற வேண்டும். ஏரியில் நீந்தத் தெரிந்தவர் ஆற்று வெள்ளத்தில் நீந்துவார் என்று சொல்ல முடியுமா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. அன்று யாரும் ஆழம் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

உச்சியும் சரிவும்

ஜூலை 13 காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டார்கள். அன்று சுமார் 3,350 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். மறுநாள் விடியலில் மீண்டும் நடந்தார்கள். விம்பர் கணித்தது சரியாக இருந்தது. பெரும்பகுதி வழி எளிதாகவே இருந்தது. மேலே ஓர் இடம் மட்டும் கடினம். அங்கே ஹாடோவுக்கு அடிக்கடி கைகொடுக்க வேண்டியிருந்தது.

பகல் 1 மணி 40 நிமிடத்துக்கு உச்சியைத் தொட்டார்கள். பனியில் வேறு காலடித் தடமே இல்லை. இத்தாலியர்கள் வெகு கீழே தெரிந்தார்கள். இவர்கள் கூவினார்கள். அவர்கள் கவனிக்கக் கற்களை உருட்டிவிட்டார்கள். ஒரு மணி நேரம் உச்சியில் மகிழ்ந்திருந்தார்கள்.

பிறகு இறங்கத் தொடங்கினார்கள்.

கடினமான இடத்தில் பாறையில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இறங்கலாம் என்று விம்பர் சொல்லியிருந்தார். ஹட்சனும் நல்லது என்றார். பேச்சு நடந்தது. கயிறு கட்டவில்லை.

குரோ முதலில் இறங்கினார். அடுத்து ஹாடோ. அடுத்து ஹட்சன். அடுத்து டக்ளஸ். பிறகு பீட்டர். அவருக்குப் பின் விம்பர். கடைசியில் பீட்டரின் மகன். ஏழு பேரும் இடுப்பில் கயிறு கட்டி ஒருவரோடு ஒருவர் இணைந்திருந்தார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கலாம் என்பது எண்ணம்.

ஹாடோவின் கால்கள் நிலைகொள்ளவில்லை. குரோ தன் பனிக்கோடரியை ஓரமாக வைத்தார். ஹாடோவின் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் வைத்துவிட்டார். பிறகு தான் இறங்கத் திரும்பினார். அந்த நொடியில் ஹாடோ வழுக்கினார். குரோவின்மேல் விழுந்தார். இருவரும் சரிந்தார்கள். கயிறு ஹட்சனை இழுத்தது. டக்ளஸை இழுத்தது.

மேலே இருந்த மூவரும் பாறையை இறுகப் பற்றினார்கள். கயிறு விறைத்தது. டக்ளஸுக்கும் பீட்டருக்கும் நடுவே அறுந்தது.

நான்கு பேரும் 1,200 மீட்டர் பள்ளத்தில் பனியாற்றின்மேல் விழுந்தார்கள். மேலே நின்ற மூவரும் அரை மணி நேரம் அசையவே இல்லை.

பிறகு இறங்கினார்கள். இப்போது பாறையில் கயிற்றைக் கட்டி இறங்கினார்கள். ஏழு பேருக்காகச் செய்யாததை மூன்று பேருக்காகச் செய்தார்கள். மூன்று உடல்கள் பிறகு கிடைத்தன. டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

அந்தக் கயிறு

அறுந்த கயிற்றை விம்பர் பார்த்தார். திடுக்கிட்டார்.

அவர்களிடம் மூன்று வகைக் கயிறு இருந்தது. இரண்டு வகை உறுதியானவை. ஒரு வகை பழையது, மெல்லியது. கூடுதல் தேவைக்காகக் கொண்டுவந்தது. ஆளோடு ஆளைக் கட்டுவதற்கு உரியது அல்ல. டக்ளஸுக்கும் பீட்டருக்கும் நடுவில் இருந்தது அந்த மெல்லிய கயிறு.

1864-ஆம் ஆண்டிலேயே லண்டன் மலையேற்றக் கழகத்தார் பல கயிறுகளைச் சோதித்திருந்தார்கள். எது தாங்கும், எது அறும் என்று எழுதி வெளியிட்டிருந்தார்கள். அறிவு இருந்தது. நல்ல கயிறும் கையில் இருந்தது. கட்டிய பிறகு ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்து வர ஓர் ஆள் இல்லை. கிணற்றில் நீர் இறைக்கிறவர்கூட நைந்த கயிற்றைப் பார்த்த உடனே மாற்றுவார். குடம் போய்விடுமே என்று!

இதற்குப் பிறகு நடந்தது இன்னொரு துயரம். பீட்டர் தன் உயிரைக் காக்கக் கயிற்றைத் தானே வெட்டிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. செர்மாட்டில் விசாரணை நடந்தது. பீட்டர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. கயிறு அறுந்ததுதான், வெட்டியது அல்ல என்று விம்பரும் எழுதினார். ஆனால் மெல்லிய கயிற்றைப் பீட்டர் தெரிந்தே கட்டினாரோ என்ற ஐயத்தையும் விம்பர் எழுதிவைத்தார். விசாரணைத் தாள்களை அப்போது வெளியிடவில்லை. எழுத்து பெட்டிக்குள் கிடந்தது. வதந்தி ஊரெல்லாம் சுற்றியது. பீட்டரைப் பழி விடவே இல்லை.

யார் குற்றம் என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். எப்படி நடந்தது என்று கேட்டால் ஒரு பாடம் கிடைக்கும். இரண்டும் ஒன்று அல்ல.

எப்படி நடந்தது? வரிசையாகப் பாருங்கள்.

போட்டியால் அவசரம். அவசரத்தால் பழகாத குழு. பழகாத குழுவில் ஒரு புதியவர். புதியவருக்கு ஏற்ற ஏற்பாடு இல்லை. கட்டுவதாகச் சொன்ன கயிறு கட்டப்படவில்லை. கட்டிய கயிறு சோதிக்கப்படவில்லை.

இவற்றில் ஏதேனும் ஒன்று சரியாக இருந்திருந்தால் நான்கு பேரும் பிழைத்திருக்கலாம். பெரிய விபத்து பெரிய தவறால் மட்டும் வருவதில்லை. சின்னச் சின்னத் தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு வருகின்றன.

மூன்று நாள் கழித்து, ஜூலை 17 அன்று, கரேலும் இத்தாலிப் பக்கமாக உச்சியை அடைந்தார். மலை எங்கும் ஓடிவிடவில்லை. பதறாத காரியம் சிதறாது.

மலையேறிகள் கற்றுக்கொண்டவை

இன்று ஆல்ப்ஸ் மலைகளில் பல்லாயிரம் பேர் பொழுதுபோக்காக ஏறுகிறார்கள். ஆசிரியர்கள், தச்சர்கள், செவிலியர்கள் எல்லாரும் விடுமுறையில் ஏறுகிறார்கள். 1871-ஆம் ஆண்டிலேயே லூசி வாக்கர் என்ற பெண்மணி மாட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார். அங்கே தொட்ட முதல் பெண் அவர்தான். விவரம் அறிந்த மலையேறிகள் கடைப்பிடிக்கும் முறைகள் சில உண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்ட அடியிலிருந்து பிறந்தது.

முதலாவது, குழுவில் மிகவும் குறைந்த பழக்கம் உடையவர் யார் என்று பார்ப்பார்கள். அவரால் ஏறி இறங்க முடிகிற மலையையே தேர்ந்தெடுப்பார்கள். சின்ன மலைகளில் சேர்ந்து ஏறிப் பழகிய பிறகே பெரிய மலைக்குப் போவார்கள்.

இரண்டாவது, உடல் மலைக்குப் பழக நாள் கொடுப்பார்கள். உயரம் போகப் போகக் காற்று மெலியும். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொது விதி. நோய் முற்றினால் உடனே கீழே இறக்க வேண்டும். அதுவே முதல் மருந்து. வீம்புக்கு ஏறியவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இருட்டோடு புறப்படுவார்கள். இரவுக் குளிரில் பனி இறுகி இருக்கும். கற்களும் உறைபனியில் ஒட்டி இருக்கும். வெயில் ஏறினால் பனி இளகும். கற்கள் கழன்று விழும். பனிச்சரிவும் வரலாம். கோடையில் பிற்பகலில் இடிமழையும் வரும். அதற்குள் ஆபத்தான இடத்தைக் கடந்து இறங்கிவிட வேண்டும்.

நான்காவது, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்வார்கள். பகல் 12 மணிக்குள் உச்சி வராவிட்டால் திரும்புவது என்று முடிவு செய்தால், திரும்பத்தான் வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். மேலே போன பிறகு ஆசை முடிவு செய்யும். கீழே இருக்கும்போது அறிவு முடிவு செய்யும்.

ஐந்தாவது, ஒருவர் கட்டிய முடிச்சை மற்றவர் பார்ப்பார். எத்தனை ஆண்டு பழகியவராக இருந்தாலும் பார்ப்பார். இதில் மானக்கேடு எதுவும் இல்லை.

ஆறாவது, போகும் இடத்தை எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். ஆல்ப்ஸில் மலைமேல் தங்கும் குடில்கள் பல உண்டு. ஒவ்வொரு குடிலிலும் ஒரு நோட்டு இருக்கும். பெயர், வந்த நாள், அடுத்துப் போகும் இடம் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ஆள் திரும்பாவிட்டால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் தேடுவார்கள். ஒரு வரி எழுத்து ஓர் உயிரைக் காக்கும்.

ஆபத்தில் மாட்டிக்கொண்டால் ஓர் அடையாளம் உண்டு. ஒரு நிமிடத்தில் ஆறு முறை விளக்கைக் காட்ட வேண்டும், அல்லது கூவ வேண்டும், அல்லது விசில் ஊத வேண்டும். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். மீண்டும் ஆறு முறை. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் கொடுப்பார். 1894-இல் ஏற்பட்ட இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

திரும்பிய பிறகு செய்யும் வேலை

வீடு திரும்பியதும் வேலை முடிந்ததா? இல்லை.

நல்ல குழு வட்டமாக உட்காரும். மூன்று கேள்விகள் கேட்கும். என்ன நினைத்தோம்? என்ன நடந்தது? அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்? யாரும் யாரையும் ஏசக் கூடாது. வழுக்கியவர் வழுக்கியதைச் சொல்ல வேண்டும். பயந்தவர் பயந்ததைச் சொல்ல வேண்டும். மறைத்தால் அடுத்த குழுவும் அதே இடத்தில் விழும்.

பேசியதை எழுதி வைப்பார்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எங்கே தாமதம், எந்தப் பொருள் தேவைப்படவில்லை, எது போதவில்லை. தப்பித்த கதையையும் எழுதுவார்கள். விழாமல் தப்பியதும் ஒரு பாடம்தானே. பல நாட்டு மலையேற்றக் கழகங்கள் விபத்துகளைத் தொகுத்து அச்சிட்டு வெளியிடுகின்றன. படிக்கிறவர்கள் பிறர் பட்டதைக் கொண்டு தங்கள் உயிரைக் காத்துக்கொள்கிறார்கள்.

விம்பரும் எழுதினார். 1871-இல் தன் ஆல்ப்ஸ் பயணங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். படங்களையும் தானே செதுக்கினார். அந்த விபத்தை மறைக்காமல் எழுதினார். கயிறு கட்டத் தவறியதையும் எழுதினார். அதனால்தான் இத்தனை ஆண்டு கழித்தும் அந்த நாளைப் பற்றிப் பேச முடிகிறது.

இந்தப் பாடங்கள் இந்தியாவுக்கும் வந்தன. 1953-இல் டென்சிங் நோர்கே, எட்மண்ட் ஹில்லாரியுடன் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அங்கே கற்றுக்கொடுக்கும் பொறுப்பு டென்சிங்குக்கு. அதற்காக அவர் முதலில் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். உலகின் உச்சியைத் தொட்டவர் மீண்டும் மாணவராகப் போனார்! டென்சிங் பள்ளிப் படிப்பு இல்லாதவர். கற்பதற்கு அவர் கூச்சப்படவில்லை. 1965-இல் உத்தரகாசியிலும் ஒரு பயிற்சி நிலையம் வந்தது. அங்கே பயின்ற பச்சேந்திரி பால் 1984-இல் எவரெஸ்டை அடைந்தார். அங்கே கால் பதித்த முதல் இந்தியப் பெண் அவர்.

முடிவாக

அறுந்த அந்தக் கயிறு இன்றும் செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெல்லிய கயிறு. பார்க்க வருகிறவர்கள் பேசாமல் நின்று பார்க்கிறார்கள்.

2015-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, முதல் ஏற்றத்தின் 150-ஆவது ஆண்டு நிறைவு. அன்று மாட்டர்ஹார்னில் யாரும் ஏறவில்லை. அந்த மலையில் இறந்தவர்களை நினைத்து ஒரு நாள் மலையை மூடிவைத்தார்கள். 1865 முதல் அங்கே இறந்தவர்கள் 500 பேருக்கு மேல்.

நண்பர்களே, எல்லாரும் பனிமலை ஏறப் போவதில்லை. ஆனால் எல்லாருக்கும் ஏற வேண்டிய மேடு ஒன்று இருக்கிறது. வீடு கட்டுகிறோம். கிணறு வெட்டுகிறோம். கடன் வாங்குகிறோம். திருமணம் நடத்துகிறோம். உச்சியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இறங்குவதைப் பற்றிப் பேசுவதில்லை.

உச்சி பாதி வழிதான். வீடு வந்து சேர்ந்தால்தான் பயணம் முடியும். வந்து சேர்ந்தவர் ஒரு நோட்டை எடுத்து நாலு வரி எழுதினால், அடுத்தவருக்கும் வழி கிடைக்கும்.

எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே. எழுதுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. விம்பர் மலையைச் சுற்றிப் பார்த்ததால் என்ன தெரிந்துகொண்டார்?
2. விபத்துக்குக் காரணமான சின்னத் தவறுகள் எவை? எந்த இடத்தில் அதைத் தடுத்திருக்கலாம்?
3. விசாரணைத் தாள்களை வெளியிட்டிருந்தால் பீட்டருக்கு என்ன நன்மை கிடைத்திருக்கும்?
4. உங்கள் ஊரில் தவறாகப் போன ஒரு வேலையை நினைத்துப் பாருங்கள். யாரையும் ஏசாமல், எப்படி நடந்தது என்று ஐந்து வரி எழுதுங்கள்.